22 பேர் இருக்கிறோம், யாருக்கு என்ன வேலை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு கலைக் கல்லூரி. மார்ச் மாத ஆண்டு விழாவில் ஒரு மணி நேர நாடகம். பெயர் கொடுத்தவர்கள் 22 பேர், அதில் 18 பேர் நடிக்க வந்தவர்கள். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். "இயக்குநர், இணை இயக்குநர், உதவி இயக்குநர், தயாரிப்பு, தயாரிப்பு மேற்பார்வை என்று போடலாமா? எந்தெந்தப் பதவி கட்டாயம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். லைட் பார்க்கும் நண்பர் ஒரு சின்ன வேடமும் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கடைசியில் ஒரு வரி.

பதவிப் பட்டியல் மட்டும் வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் நடுவில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: "போன வருஷம் எல்லோரும் எல்லாம் செய்தோம், கடைசியில் எதுவுமே நேரத்துக்கு நடக்கவில்லை." உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. ஒன்று தவறினால் யாரைப் போய்க் கேட்பது என்று கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன். பதவிப் பெயர்கள் வழியில் தானாக வரும்.

நான் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன். வயரிங் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக நாடகக் குழுவுக்குப் பொறுப்பாசிரியராகப் போட்டார்கள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். லைட்டும் மேடை நிர்வாகமும் எனக்குக் கைப்பழக்கம். நடிப்புப் பயிற்சியிலும் இசையிலும் நான் பார்வையாளன்தான், அதனால் அந்த இரண்டிலும் யோசனை சொல்லப் போவதில்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று. மேற்பார்வை, இணை, துணை எல்லாவற்றையும் விட்டுவிடலாம், ஆனால் ஸ்டேஜ் மேனேஜர் என்ற ஒரு ஆள் இல்லாமல் மாணவர் நாடகத்தை மேடையேற்றாதீர்கள். மேடை நிர்வாகி என்று அச்சில் போடுங்கள், கூப்பிடும்போது எப்படியும் ஸ்டேஜ் மேனேஜர்தான். பல குழுக்களில் இந்த வேலையை நடிக்கத் தேர்வாகாதவருக்கு ஆறுதல் பரிசு மாதிரி கொடுப்பார்கள், அல்லது யாருக்கும் கொடுக்கவே மாட்டார்கள். இயக்குநரே மேடையோர மறைவிடமான சைடு விங்கில் நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பார்.

அவருடைய வேலை முதல் ஒத்திகையிலேயே தொடங்குகிறது. நாடகப் பிரதியை ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்து, எதிர்ப்பக்கம் வெற்றாக இருக்கும்படி கோத்துக்கொள்ள வேண்டும். யார் எந்த வசனத்தில் எந்தப் பக்கம் நகர்கிறார் என்பது வெற்றுப் பக்கத்தில் ஏறும். பென்சிலால் எழுதவேண்டும், ஏனென்றால் இயக்குநர் நாளைக்கு மாற்றுவார், நாளை மறுநாள் பழையதே நல்லது என்பார். அப்புறம் ஒவ்வொரு லைட் மாற்றத்துக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு எண். "லைட் 14" என்றால் எந்தச் சொல்லில் மாற வேண்டுமோ அந்தச் சொல்லின் கீழேயே கோடு. அரைப் பக்கம் முன்னால் "14 தயார்" என்று சொல்ல வேண்டும், சரியான சொல் வரும்போது "விடு" என்று சொல்ல வேண்டும். இந்தக் கட்டளைச் சொல் எதுவாகவும் இருக்கலாம், நாடக வசனத்தில் அடிக்கடி வரும் சொல்லாக மட்டும் இருக்கக் கூடாது. ஒரு வருஷம் நாங்கள் "போ" என்று வைத்துக்கொண்டோம். கதையோ குடும்பச் சண்டை, பக்கத்துக்கு நான்கு "போ". லைட் போடுகிற பையன் பாவம்.

அந்தப் பிரதி யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் நாடகம் முழுக்கத் தெரியும். நாடகத்தன்று முதல் மணி அடித்ததிலிருந்து அவர் சொல்வதே முடிவு. இயக்குநர் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். இது என் சொந்த விருப்பம் இல்லை. பல தொழில்முறை அரங்குகளில் இப்படித்தான் நடக்கிறது. மாணவர் குழுவில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம், அதனால் முதல் கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

"நம் ஊர் கூத்தில் ஸ்டேஜ் மேனேஜரா இருக்கிறார்?" என்று ஒருவர் என்னிடம் மடக்கியிருக்கிறார். இருக்கிறார், மேடையிலேயே நிற்கிறார். சேலம், தருமபுரிப் பக்கத்துத் தெருக்கூத்தை முழு இரவும் பார்த்திருந்தால் கட்டியங்காரன் என்ன செய்கிறான் என்று கவனித்திருப்பீர்கள். வேஷங்களை அறிமுகப்படுத்துவான், ராஜாவையே கேலி பேசுவான், ஒப்பனைக் கொட்டகையில் அடுத்த வேஷம் தயாராகவில்லை என்று சைகை வந்தால் கேலியை இன்னும் பத்து நிமிடம் இழுப்பான். நேரத்தைக் கையில் வைத்திருப்பவன் அவன்தான். மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தில் இதைவிட வேடிக்கை. நாயகனான ராஜபார்ட் ஒரு ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் ஒரு ஊர், கோமாளியான பபூன் ஒரு ஊர்; ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது, ஆனாலும் விடிய விடிய நடக்கிறது. காரணம், 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். பிரதி எல்லோர் தலையிலும் இருக்கிறது. உங்கள் நாடகம் போன மாதம் எழுதியது, இரண்டாம் காட்சியில் இருப்பவருக்கு ஐந்தாம் காட்சி தெரியாது. அதனால்தான் ஒருவர் கையிலாவது அது முழுசாக இருக்க வேண்டியிருக்கிறது.

என் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மே மாதம் ஏற்காட்டில் நாடகம் போடக் கூப்பிட்டார்கள். செட் ஒரு மினி லாரியில், மாணவர்கள் வேனில். அடிவாரத்தில் டீ குடிக்க நின்றோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, வாந்தி எடுத்தவர்களை எல்லாம் தேற்றி, மேடை கட்டி முடித்தபோது மாலை ஆகிவிட்டது. மணி அடிக்க நாற்பது நிமிடம் இருக்கும்போது, கதாநாயகி படிக்க வேண்டிய கடிதமும் ஒரு பித்தளைச் செம்பும் இருந்த மஞ்சள் பை இல்லை. நடிகை, உடை பார்க்கிறவர் எடுத்திருப்பார் என்று நினைத்தார். அவர், செட்காரர்கள் லாரியில் ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தார். செட்காரர்கள் அது ஆசிரியருடைய சாப்பாட்டுப் பை என்று நினைத்தார்கள். பை டீக்கடை ஸ்டூலிலேயே இருந்தது. மலையிறங்கி ஏறி வர நேரமில்லை. செம்புக்குப் பதில் எவர்சில்வர் டம்ளர். கடிதத்துக்கு நான்தான் அவசரத்தில் என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் லைட் 31 முதல் 36 வரை எழுதியிருந்தது, அது மேடைக்குப் போன பிறகுதான் உறைத்தது. கதாநாயகி கண்ணீர் வடித்துக்கொண்டு என் லைட் கணக்கைப் பார்வையாளர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார், நான் இருட்டில் முழித்துக்கொண்டிருந்தேன்.

அதோடு போகவில்லை. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், செட்டுக்குக் காகிதம் ஒட்ட மரவள்ளி மாவுப் பசைதான் வழக்கம். மலிவு, நன்றாகப் பிடிக்கும். ஏழு மணிக்கு ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்ததும் அந்தப் பசை இளகி, சுவர் மாதிரி நின்ற தட்டிகளிலிருந்து காகிதம் மெல்ல உரிந்து தொங்க ஆரம்பித்தது. மலைக்குப் போகிற செட்டுக்குக் காகிதம் வேண்டாம், துணியை இழுத்து ஆணி அடியுங்கள் என்பது அன்றைக்குக் கற்றது.

அந்த மஞ்சள் பை விஷயத்தில் அன்று யாரும் சோம்பேறியாக இல்லை. பத்துப் பேர் உழைத்தார்கள். பொருட்களுக்கு என்று ஒரு பெயர் மட்டும் இல்லை. அதன்பிறகு மேடைப் பொருட்களுக்குத் தனியாக ஒருவர், சுவரோரம் ஒரு மேசை, மேசை மேல் பழைய செய்தித்தாள், ஒவ்வொரு பொருளும் வைக்கும் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் அதன் உருவம் வரைந்து பெயர். செம்பு இல்லையென்றால் செம்பு வடிவத்தில் காலி இடம் தெரியும். இது மிகப் பழைய தந்திரம், நான் கண்டுபிடித்ததில்லை.

சரி, உங்கள் 22 பேருக்கு வருகிறேன். 18 பேர் நடிக்கும் ஒரு மணி நேர நாடகத்தில் ஆளுக்கு நான்கு வசனம் கிடைக்கும், பின்னால் நான்கு பேர் செத்துப் பிழைப்பார்கள். நானாக இருந்தால் நடிப்பவர்களை ஒன்பதில் நிறுத்துவேன். தேவையானால் ஒருவர் இரண்டு வேடம் கட்டட்டும். மிச்சம் 13. இயக்குநர் ஒருவர், ஸ்டேஜ் மேனேஜர் ஒருவர், அவருக்கு ஒவ்வொரு விங்கிலும் ஒரு உதவியாள் என இரண்டு பேர். லைட்டுக்கு இரண்டு, சத்தத்துக்கு ஒன்று, செட்டுக்கு இரண்டு, உடைக்கும் ஒப்பனைக்குமாக இரண்டு, மேடைப் பொருளுக்கு ஒன்று, பணத்துக்கும் அனுமதிக் கடிதங்களுக்கும் ஒன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நாடகத்தன்று செட் நிறுத்தியதும் செட்காரர்கள் இருவரும் வாசலுக்குப் போய்ப் பார்வையாளர்களைக் கவனிக்கலாம். இந்த எண்ணிக்கை என் கணக்குதான், வேதவாக்கு இல்லை. செட்டே இல்லாத நாடகம் என்றால் அந்த இரண்டு பேரை வேறு எங்காவது போடுங்கள். மாற்றக்கூடாதது, ஒரு வேலைக்கு எத்தனை கை இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர் என்பது மட்டும்.

உதவி இயக்குநர் தேவையா? வேலை இருந்தால் தேவை. வராத நடிகருக்குப் பதிலாக ஒத்திகையில் நிற்பது, வசனம் மறப்பவர்களைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லவைப்பது, இதெல்லாம் அவர் வேலை. கௌரவத்துக்காக என்றால் வேண்டாம். இயக்குநர் தானே நடிக்கலாமா என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. அற்புதமாகச் செய்தவர்கள் உண்டு. மாணவர் குழுவில் நான் பார்த்தவரை, அவர் மேடையில் இருக்கும் காட்சிதான் கடைசிவரை ஒத்திகை பார்க்கப்படாத காட்சியாக இருக்கும். அதேபோல் விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் ஆள் வேண்டும் என்று பழைய சபா நாடகக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. எடுத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பேர் மனப்பாடமே செய்வதில்லை. இதில் நான் தவறாகவும் இருக்கலாம்.

லைட் விஷயத்தில் கொஞ்சம் நிறைய பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு வரும் பழைய பார் (PAR) மேடை விளக்கு ஒன்று பெரும்பாலும் 1000 வாட். நம் மின்சாரம் 230 வோல்ட், ஆக ஒரு விளக்கு ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் ஒன்றுதான் போடலாம். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மூன்று. நான்காவதை மாட்டினால் 17 ஆம்பியர் தாண்டிவிடும், உச்சக்கட்டக் காட்சியில் எல்லாவற்றையும் ஒன்றாக ஏற்றும்போது டிரிப் ஆகக்கூடும். இன்னொரு பொறி, அரங்கத்தில் ஆறு பிளக் இருக்கும், ஆனால் ஆறும் ஒரே பிரேக்கரில் ஓடும். ஒவ்வொரு பிரேக்கராக அணைத்துப் பார்த்து எந்தப் பிளக் எதோடு சேர்ந்தது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள், அரங்கத்து எலக்ட்ரீசியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எல்.இ.டி. பார் கிடைத்தால் கவலை பெருமளவு குறையும், பெரும்பாலானவை 200 வாட்டுக்குள் முடிந்துவிடும். சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்கப் பிரித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும், சுற்றியபடியே அதிக மின்சாரம் எடுத்தால் உள்ளே சூடேறி உருகும். பழைய பார் விளக்கு கையைச் சுடும், காகிதத் தட்டிக்கும் படுதாவுக்கும் பக்கத்தில் கட்டாதீர்கள்.

லைட்காரரும் உடைக்காரரும் ஒருநாளாவது சேர்ந்து உட்காரட்டும். பச்சைப் பட்டுப்புடவையைச் சுத்தமான சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் கிட்டத்தட்டக் கருப்பாகத் தெரியும். பச்சைத் துணி திருப்பி அனுப்ப அந்த வெளிச்சத்தில் பச்சையே இல்லை. அழகான புடவையை எங்கிருந்தோ கெஞ்சி வாங்கி வந்த பெண் அழுததைப் பார்த்திருக்கிறேன்.

சத்தத்தில் எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மைக் செட்காரர் கல்யாண வீட்டுப் பழக்கத்தில் எக்கோ வைத்துவிடுவார், வசனத்துக்கு அது விஷம், முதல் காரியமாக எடுக்கச் சொல்லுங்கள். இசையைப் போனிலிருந்து போட்டால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சோக இசைக்கு நடுவே அம்மாவின் அழைப்பு வந்து மொத்த அரங்கமும் ரிங்டோன் கேட்ட கதை எங்கள் குழுவில் உண்டு.

ஒத்திகை நாட்களில் ஒன்றைக் கட்டாயம் ஒதுக்குங்கள்: நடிகர்கள் இல்லாமல் இயக்குநர், ஸ்டேஜ் மேனேஜர், லைட், சத்தம் நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரதியை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுவது. எங்கே மாறுகிறது, எவ்வளவு மெதுவாக, எந்தச் சொல்லில். இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அடுத்த நாள் நடிகர்களோடு, இடையில் இருக்கும் வசனங்களைத் தாண்டித் தாண்டி மாற்றங்களை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் முழு உடையோடு ஒத்திகை. நேரத்துக்கு வருவது பற்றி நான் பிரசங்கம் செய்யப் போவதில்லை. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பழைய சினிமா ஸ்டூடியோவிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வரக் காரணம் அதை நடத்திய டி.ஆர். சுந்தரத்தின் கண்டிப்பு என்று என் அப்பா சொல்வது ஞாபகம் வரும். அதைச் சொல்லியே எங்கள் பையன்களை நான் வதைத்திருக்கிறேன், பலன் சுமார்தான்.

பணம் பார்ப்பவரிடம் உரிமை விஷயத்தையும் ஒப்படையுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்தாளர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நாடகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் 52ஆம் பிரிவில் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் நடித்து, பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் என்ற வட்டத்துக்குள் இருந்தால் அது மீறல் ஆகாது. இதுவரை உறுதி. டிக்கெட் போட்டு ஊரைக் கூட்டினால், வெளியூர்ப் போட்டிக்குக் கொண்டுபோனால், வீடியோ எடுத்து யூட்யூபில் ஏற்றினால் அந்த விலக்கை நம்பாதீர்கள். நான் வக்கீல் இல்லை; என் பழக்கம், எழுதியவருக்கோ குடும்பத்துக்கோ முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டுவிடுவது. நாங்கள் கேட்டவர்களில் ஒருவர்கூட மறுக்கவில்லை, இருவர் நாடகம் பார்க்கவே வந்தார்கள்.

அழைப்பிதழில் "மேற்பார்வை" எல்லாம் வேண்டாம். செய்த வேலையை அப்படியே போடுங்கள்: மேடை நிர்வாகம், ஒளி, ஒலி, செட், உடை, ஒப்பனை, மேடைப் பொருட்கள், கணக்கு. நடிகர் பெயர்களின் அதே எழுத்தளவில், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் அகர வரிசையில். பின்னால் நிற்க ஆள் கிடைக்காததற்குப் பாதிக் காரணம் அவர்கள் பெயர் கடைசிப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஊர்வதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடைசியாக உங்கள் லைட் நண்பர். அவர் கேட்கும் வேடம் எந்தக் காட்சியில் என்று பிரதியில் பாருங்கள். அவர் லைட்டை இயக்கும் போர்டை விட்டு எழுந்து, பின்பக்கமாகச் சுற்றி வந்து, வேஷம் போட்டு, நடித்து, மறுபடி இருக்கைக்குப் போகும்வரை ஒரு லைட்கூட மாறாது என்றால் பேசிப் பார்க்கலாம். நான் லைட்டுக்கு இரண்டு பேர் சொன்னதால் இன்னொருவர் போர்டில் உட்கார முடியும்தான், ஆனால் அவர் குறைந்தது இரண்டு முழு ஒத்திகையில் தனியாக ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் ஸ்டேஜ் மேனேஜர் சரி சொன்னால்தான். முடிவை இயக்குநர் எடுக்க வேண்டாம், அவர் நண்பருக்காக இரக்கப்படுவார்.